ஃபினாயில் வாசம் அடித்தால் ஆஸ்பத்திரி சுத்தமா?

பெரியம்மாவை ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது பார்க்க வந்த உறவினர் ஒருவர், வார்டுக்குள் நுழைந்ததுமே மூக்கை உறிஞ்சி, "பரவாயில்லையே, ஃபினாயில் வாசம் நல்லா வருது, சுத்தமா வச்சிருக்காங்க" என்றார். அவருக்குப் பின்னாலேயே ஓர் அம்மா தரை துடைத்துக்கொண்டு வந்தார். ஒரே வாளி, ஒரே மாப். கழிப்பறையில் போட்ட அதே மாப்தான் கட்டிலுக்கு அடியிலும் போனது. வாளித் தண்ணீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. வாசம் மட்டும் ஜம்மென்று இருந்தது.

வாசத்துக்கும் கிருமி சாவதற்கும் சம்பந்தம் குறைவு. முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுக்க வேண்டும், அதன் பிறகுதான் கிருமிநாசினி. ரத்தம், சளி, மண் மேலே படிந்திருந்தால் மருந்து அவற்றோடு மல்லுக்கட்டியே வீரியம் இழந்துவிடும். அரசு மருத்துவமனைகளுக்கான வழிகாட்டுதல்களில் மூன்று வாளி முறை சொல்லப்படுவது இதனால்தான். ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் மாப்பை அலச வெறும் தண்ணீர், மூன்றாவதில் கிருமிநாசினி. சுத்தமான இடத்தில் ஆரம்பித்து அழுக்கான இடத்தில் முடிக்க வேண்டும், கழிப்பறை மாப் கழிப்பறையோடு நிற்க வேண்டும். வார்டுக்குள் துடைப்பத்தால் பெருக்கவும் கூடாது, தூசியோடு கிருமியும் எழும்பும். "பெருக்கக்கூட மாட்டேங்கறாங்க" என்று சண்டை போடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு விஷயத்திலாவது ஆஸ்பத்திரி பக்கம்தான் நியாயம்.

அடுத்த நம்பிக்கை, மருந்து எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்பது. ஆஸ்பத்திரிகளில் பரவலாகப் புழங்குவது 1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல், அதாவது குளோரின் கிருமிநாசினி. 30 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்குச் சுமார் 33 கிராம் போதும். அதற்கு மேல் கொட்டினால் கண் எரியும், கட்டில் இரும்பு துருப்பிடிக்கும், வேறு லாபமில்லை. வெயிலிலும் சூட்டிலும் குளோரின் போய்விடும் என்பதால் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே கலக்க வேண்டும், நேற்றைய பக்கெட்டை இன்று எடுக்கக் கூடாது. தரையில் ரத்தம் சிந்தினால் உடனே துடைப்பதும் தவறு. மேலே காகிதமோ துணியோ போட்டு மூடி, கரைசலை ஊற்றி, குறைந்தது 10 நிமிடம் விட்டு, கையுறையோடு எடுக்க வேண்டும். அந்தப் 10 நிமிடத்தைப் பார்த்துத்தான் "கவனிக்காம போட்டிருக்காங்க" என்று பல புகார்கள் கிளம்புகின்றன.

ஒன்றை மட்டும் வீட்டுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிளீச்சிங் பவுடரையும் டாய்லெட் ஆசிடையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். வருவது குளோரின் வாயு, நுரையீரலைப் பொசுக்கிவிடும்.

புகை போட்டால் அறை சுத்தமாகிவிடும் என்ற எண்ணம் டாக்டர்கள் சிலரிடமே இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டரில் ஃபார்மலின் புகை போடுவது பழைய வழக்கம். ஃபார்மலினிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்டுவிட்டது, புகையும் துடைப்பதற்கு ஈடாகாது. கொரோனா காலம் நினைவிருக்கும். 2020 ஏப்ரலில் திருப்பூர் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்து, உள்ளே போகிறவர்கள் மேலேயே தெளித்தார்கள். மற்ற ஊர்களும் போட்டி போட்டுக்கொண்டு வைத்தன. அதே மாதத்தில் தமிழக அரசு அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றது, மத்திய சுகாதார அமைச்சகமும் மனிதர்கள் மேல் தெளிக்கக் கூடாது என்று அறிவித்தது.

இனி குப்பைத் தொட்டிகள். நோயாளியுடன் இருப்பவர்கள் அதிகம் தப்பு செய்வது இங்கேதான், நானும் செய்திருக்கிறேன். மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 நிறத்தை வைத்துப் பிரிக்கின்றன. ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, உடல் பாகங்கள், காலாவதியான மருந்து ஆகியவை மஞ்சளில். டிரிப்ஸ் குழாய், சிறுநீர்ப் பை, கையுறை, ஊசி கழற்றிய சிரிஞ்சு போன்ற பிளாஸ்டிக் சிவப்பில். ஊசியும் பிளேடும் குத்திக் கிழியாத வெள்ளை டப்பாவில். உடைந்த மருந்துக் குப்பி நீலத்தில். மஞ்சளில் போவதில் பெரும்பகுதி எரிக்கப்படும், சிவப்பில் போவது கிருமி நீக்கி மறுசுழற்சிக்குப் போகும். இட்லிப் பொட்டலமும் வாழைப்பழத் தோலும் இந்த நான்கில் எதிலும் சேராது, சாதாரணக் குப்பைதான். ஆனால் மஞ்சள் தொட்டி பக்கத்தில் இருக்கிறதே என்று அதில் போடுகிறோம். அப்படிக் கலந்துவிட்டால் அதுவும் மருத்துவக் கழிவாகிவிடும். சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

இதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குத்தான் என்று நினைக்க வேண்டாம். மாதம் 1,000 பேருக்குக் குறைவாகப் பார்க்கும் கிளினிக்குகள் அனுமதி வாங்கத் தேவையில்லை என்று 1998 விதிகளில் ஒரு விலக்கு இருந்தது. 2016 விதிகளில் அது போய்விட்டது. தெருமுனை கிளினிக், ரத்தப் பரிசோதனை நிலையம், ரத்ததான முகாம், கால்நடை மருத்துவமனை எல்லாமே இப்போது உள்ளே வரும். மாநில எல்லையும் சாக்கு இல்லை. 2024 டிசம்பரில் திருநெல்வேலி பக்கம் கொட்டப்பட்ட கேரள ஆஸ்பத்திரிக் கழிவை, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரளமே லாரிகளில் திரும்ப அள்ளிக்கொண்டு போனது.

மீறினால் ஜெயில் என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். இந்தக் கழிவு விதிகளுக்குத் தாய்ச் சட்டமான சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்த அந்த ஜெயில் பிரிவை 2023 ஜன் விஸ்வாஸ் சட்டம் மாற்றிவிட்டது. இப்போது 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை பணத் தண்டனை. கோடிகளில் புரளும் ஆஸ்பத்திரிக்கு இது உறைக்குமா என்பது என் சந்தேகம்.

யாருமே பேசாத பகுதி ஒன்று இருக்கிறது. இந்தக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் கல்லீரல் அழற்சி பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும், பயிற்சி தர வேண்டும், பாதுகாப்புக் கவசம் தர வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறையாவது உடல் பரிசோதனை செய்ய வேண்டும். இது 2016 விதிகளில் ஆஸ்பத்திரியின் கடமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. "அவங்க கான்ட்ராக்ட் ஆளுங்க, ஏஜென்சியைக் கேளுங்க" என்று கைகழுவ முடியாது, பொறுப்பு கழிவு உருவாகும் இடத்தை நடத்துபவருடையது. மூடியைத் திரும்ப மாட்டப்போய் ஊசி குத்திக்கொண்டவர்கள் எத்தனையோ பேர், அதனால்தான் திரும்ப மூடவே கூடாது என்கிறார்கள். ஒரு வாளியோடு துடைத்த அந்த அம்மாவிடம், "மூணு வாளி தர மாட்டாங்களாக்கா?" என்று கேட்டேன். "தந்தா வேணாம்னா சொல்லப்போறேன் தம்பி" என்றார்.

கடைசியாகக் காயகல்ப். மத்திய அரசு 2015 மே மாதம் தொடங்கியது. இது சட்டமில்லை, பரிசுத் திட்டம், அதுவும் அரசு மருத்துவமனைகளுக்காகத் தொடங்கியது. சுத்தம், கழிவு, தொற்றுத் தடுப்பு என்று பல தலைப்புகளில் மதிப்பெண் போடுவார்கள், 70 சதவீதம் எடுத்தால்தான் பரிசுக்குத் தகுதி. மதிப்பீடு ஆண்டுதோறும் நடக்கும். ஆகவே வாசலில் காயகல்ப் பலகை தொங்கினால் அது எந்த ஆண்டுடையது என்று பாருங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையைப் பற்றிப் புகார் என்றால் 104ஐ அழைக்கலாம், கழிவு பற்றியது என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம். "சுத்தமே இல்லை" என்று பொதுவாகச் சொல்லாமல் எந்த வார்டு, எந்தத் தேதி, எத்தனை மணி, மஞ்சள் தொட்டியில் என்ன கிடந்தது என்று சொல்லுங்கள்.