24 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும்: சர்வதேச சுகாதார விதிமுறைகள்

ஒரு நாட்டில் புதுவிதக் காய்ச்சல் பரவினால் அதை உலகத்துக்குச் சொல்வதும் மறைப்பதும் அந்த அரசின் இஷ்டம் அல்ல. 'சர்வதேச சுகாதார விதிமுறைகள் 2005' அதைச் சட்டக் கடமையாக்கி இருக்கிறது. 2003-இல் சார்ஸ் என்ற கடும் சுவாசத் தொற்று கொடுத்த அடிக்குப் பிறகு உருவான இந்த விதிமுறைகள் 2007 ஜூன் 15 முதல் நடைமுறையில் உள்ளன. இந்தியா, இலங்கை உட்பட 196 தரப்புகள் இதற்குக் கட்டுப்பட்டவை.

பெரியம்மை, இயற்கையான (தடுப்பூசியிலிருந்து வராத) வைரஸால் வரும் போலியோ, புதுவகை இன்ஃப்ளூயன்சா, சார்ஸ் ஆகிய நான்கில் ஒரே ஒரு நோயாளி தென்பட்டாலும் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மற்ற நோய்களுக்கு நான்கு கேள்விகள்: பாதிப்பு கடுமையா, வழக்கத்துக்கு மாறானதா, எல்லை தாண்டுமா, பயணத்துக்கும் வணிகத்துக்கும் தடை வருமா? இரண்டுக்கு 'ஆம்' என்றால் தெரிவித்தாக வேண்டும். அவசரமான தகவலை ஆராய 48 மணி நேரம், ஆராய்ந்த பிறகு தெரிவிக்க 24 மணி நேரம். இந்தியாவில் இதற்கான தொடர்பு மையம் டெல்லியில் உள்ள தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம். அரசு வாய் திறக்காவிட்டாலும், செய்தித்தாளில் வந்ததை வைத்தே உலக சுகாதார நிறுவனம் விளக்கம் கேட்கலாம்.

சரி, ஒழுங்காகச் சொன்ன நாட்டுக்கு என்ன கிடைக்கிறது? தென்னாப்பிரிக்கா 2021 நவம்பர் 24 அன்று கொரோனாவின் புதிய வகையான ஒமைக்ரானைப் பற்றித் தெரிவித்தது. இரண்டு மூன்று நாட்களில் பல நாடுகள் அங்கிருந்து வரும் விமானங்களை நிறுத்திவிட்டன. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையைத் தாண்டிப் பயணத்தை முடக்கும் நாடு அறிவியல் காரணம் காட்ட வேண்டும், 48 மணி நேரத்துக்குள் அறிவிக்கவும் வேண்டும் என்கிறது 43-ஆவது பிரிவு. இந்த விதிமுறைகளில் அதிகம் மீறப்படுவது இதுதான் என்பேன்.

பயணிகளுக்கு நேரடியாகப் பயன்படுவது 40-ஆவது பிரிவு. குடியேற வருபவர்களைத் தவிர மற்றவர்களிடம், பொதுச் சுகாதாரத்துக்காகச் செய்யும் பரிசோதனைக்கும் தனிமைப்படுத்தலுக்கும் அரசு கட்டணம் வாங்கக் கூடாது. ஆனால் 2021 பிப்ரவரியில் 'சிவப்புப் பட்டியல்' நாடுகளிலிருந்து, அதாவது தொற்று ஆபத்து அதிகம் என்று தான் அறிவித்த நாடுகளிலிருந்து, திரும்பியவர்களிடம் பிரிட்டன் ஓட்டல் தனிமைக்காக ஆளுக்கு 1,750 பவுண்டு வாங்கியது. பிரிட்டன் மட்டும் அல்ல, இன்னும் பல நாடுகள் வாங்கின.

மீறினால் அபராதம்? கிடையாது. நாடுகளுக்குள் தகராறு வந்தால் பேச்சுவார்த்தை, அப்புறம் இருவரும் ஒப்புக்கொண்டால் நடுவர் மன்றம். அவ்வளவுதான்.

2024-இல் நிறைவேறிய திருத்தங்கள் 'பெருந்தொற்று அவசரநிலை' என்ற உயர்ந்த எச்சரிக்கை நிலையைச் சேர்த்து, 2025 செப்டம்பர் 19 அன்று அமலுக்கு வந்தன. அமெரிக்கா அவற்றை ஏற்கவில்லை. 2025 மே 20 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை தனியாகப் பெருந்தொற்று ஒப்பந்தத்தையும் நிறைவேற்றியது. முந்தைய நாள் பேரவைக் குழுவில் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 124, எதிர்ப்பு இல்லை, விலகி நின்றவை 11. கிருமி மாதிரிகளையும் அவற்றால் வரும் பலன்களையும் பகிர்வது பற்றிய பின்னிணைப்பு நிறைவேறிய பிறகே ஒப்பந்தம் கையெழுத்துக்கு வரும். 60 தரப்புகள் உறுதிசெய்தால்தான் நடைமுறைக்கு வரும். ஊரடங்கு போடு, தடுப்பூசியைக் கட்டாயமாக்கு என்று உலக சுகாதார நிறுவனம் எந்த நாட்டுக்கும் உத்தரவிட முடியாது என்று அந்த ஒப்பந்தமே வெளிப்படையாகச் சொல்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றுவது வேறு கதை.