எண்ணெயைப் பார்க்காத ரேடார்

1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் கடலடிப் பாறையில் மோதி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெயைக் கொட்டியது. மிச்சம் எவ்வளவு என்று பார்க்க, 2001-இல் ஆய்வாளர்கள் அந்தக் கரைகளில் ஏறத்தாழ 9,000 குழிகள் தோண்டினார்கள். மேலே சுத்தமாகக் கிடந்த கற்களுக்கு அடியில் எண்ணெய் இன்னும் பிசுபிசுத்தது.

குழி பொய் சொல்லாது. ஆனால் பக்கத்துக் குழி வரை இடையில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தரை ஊடுருவும் ரேடார் அங்கேதான் உதவுகிறது. கரையோரம் இழுத்துச் செல்லும் பெட்டி ஒன்று மண்ணுக்குள் ரேடியோ துடிப்புகளை அனுப்பி, எதிரொலி திரும்ப எத்தனை நானோ விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்கிறது.

இந்தக் கருவிக்கு எண்ணெய் தெரியாது, தண்ணீர்தான் தெரியும். ரேடியோ அலையின் வேகம் பொருளின் ஒப்புமை விடுதிறனைப் பொறுத்தது; மின்புலத்துக்குப் பொருள் எவ்வளவு இசைகிறது என்று காட்டும் எண் அது, எண் கூடினால் அலை மெதுவாகும். தண்ணீருக்கு அது சுமார் 80, எண்ணெய்க்கு வெறும் 2 அல்லது 3. காற்றில் ஒரு நானோ விநாடிக்கு 30 செ.மீ. ஓடும் அலை, உலர்ந்த மணலில் சுமார் 15 செ.மீ., நீர் ஊறிய மணலில் 6 செ.மீ. அளவுக்கே நகரும். மணலின் இடுக்குகளிலிருந்து தண்ணீரைத் தள்ளிவிட்டு எண்ணெய் உட்கார்ந்தால் அங்கே அலை வேகமெடுக்கும். எல்லையில் ஒரு பகுதி திரும்பி வரும். உலர்ந்த மணலிலோ, காற்று இருந்த இடத்தில் எண்ணெய் வந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

கடற்கரையில் இன்னொரு தலைவலி, உப்பு. கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் துடிப்பைச் சில அங்குலங்களிலேயே விழுங்கிவிடும். அதனால் நீர் வடிந்த பிறகு, வற்றத்தில், கரையின் மேட்டுப் பகுதியில் அளப்பதே பயன் தரும். அலாஸ்காவில் உள்ளதைப் போன்ற பெரிய கற்கள் நிறைந்த கரையானால், ஒவ்வொரு கல்லும் தன் பங்குக்கு அலையைச் சிதறடிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் எண்ணெயின் வயது. புதிய எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. நாளாக ஆக நுண்ணுயிரிகள் அதைத் தின்று கரிம அமிலங்களை வெளியிடுகின்றன; அமிலம் மணல்மணிகளிலிருந்து கனிமங்களைக் கரைக்க, சுற்றியுள்ள நீரின் கடத்துதிறன் ஏறுகிறது. முன்பு பளிச்சென்று எதிரொலித்த இடம் இப்போது அலையை உறிஞ்சி மங்கிப்போகிறது. ஒரே கசிவு, நேர் எதிரான இரண்டு படங்கள்! எனவே கசிவு எப்போது நடந்தது என்று தெரியாமல் ரேடார் படத்தைப் படிக்க முயல்வது வீண். மங்கிய இடத்தில் ஒன்று, பளிச்சிடும் இடத்தில் ஒன்று என்று இரண்டு குழிகளாவது தோண்டிப் பார்த்த பிறகே வரைபடத்தில் எல்லைக்கோடு போடுவார்கள்.