ஓகே எங்கிருந்து வந்தது?

1838, 1839 வாக்கில் அமெரிக்காவின் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு பிடித்துப்போனது. ஒரு தொடரை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுத்துக்கூட்டுவது, அப்புறம் அதன் முதலெழுத்துகளை மட்டும் அச்சிடுவது. 'ஆல் ரைட்' இப்படித்தான் 'oll wright' ஆகி ஓ.டபிள்யூ. ஆனது, 'நோ யூஸ்' 'know yuse' ஆகி கே.ஒய். ஆனது. 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 'ஆல் கரெக்ட்' 'oll korrect' ஆகி ஓ.கே. ஆனது. 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' இதழில் வந்ததே இதற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய அச்சுச் சான்று.

கூடப் பிறந்த சுருக்கங்கள் வழக்கொழிந்தன. ஓகேயைக் காப்பாற்றியது 1840 அதிபர் தேர்தல். மறுபடி போட்டியிட்ட அப்போதைய அதிபர் வான் பியூரனின் சொந்த ஊர் கிண்டர்ஹூக். 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்று அவரை அழைத்த ஆதரவாளர்கள், ஓ.கே. பெயரில் மன்றங்கள் வைத்தார்கள். எதிரணி சும்மா இருக்குமா? முன்னாள் அதிபர் ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, அவர் கோப்புகளில் கிறுக்கியதுதான் ஓ.கே. என்று கட்டிவிட்டது. தேர்தலில் வான் பியூரன் தோற்றார். சொல் நாடெங்கும் பரவிவிட்டது. பிறகு தந்தி வந்தது. செய்தி கிடைத்தது என்று பதில் தட்ட இரண்டே எழுத்து போதும் என்பதால் அங்கும் ஒட்டிக்கொண்டது.

ஜாக்சன் கதை உண்மையான பிறப்பை நெடுங்காலம் மறைத்தது. பலரும் ஆளுக்கொரு மூலம் சொன்னார்கள்: சாக்டா பழங்குடி மொழி, கிரேக்கம், ஸ்காட்லாந்துப் பேச்சு, மேற்கு ஆப்பிரிக்க மொழிகள். சாக்டா மூலத்தை நம்பிய அதிபர் உட்ரோ வில்சன், அதற்கேற்ற எழுத்துக்கூட்டலிலேயே கோப்புகளில் ஒப்புதல் எழுதினார். இவ்வளவு சின்ன ஒலிக்கு எந்த மொழியில் தேடினாலும் ஏதோ ஒரு ஜாடை கிடைக்கும். ஒலி ஒற்றுமை மட்டும் சான்றாகாது.

மொழியறிஞர் ஆலன் வாக்கர் ரீட் பழைய பத்திரிகைகளைப் புரட்டினார். சொல் முதலில் எந்தத் தேதியில் தென்படுகிறது, அதே காலத்தில் அதே பாணியில் வேறென்ன சுருக்கங்கள் புழங்கின என்று பார்த்தார். 1963, 64இல் அவர் வெளியிட்ட கட்டுரைகள்தான் பாஸ்டன் விளையாட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. சொற்பிறப்பு ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த உழைப்பு இது.

இதன் பொருள்கள் இத்தனை விதமாக விரிந்ததற்கும் காரணம் உண்டு. ஓகே ஒன்றை ஏற்கிறது. ஆனால் நல்லது, கெட்டது என்று மதிப்பிடுவதில்லை. அந்த வெற்றிடத்தைக் குரல் நிரப்புகிறது. "லோன் ஓகே ஆயிடுச்சு" என்றால் மகிழ்ச்சி. "படம் எப்படி?" என்று கேட்டு, "ம்ம்... ஓகே" என்று இழுத்த பதில் வந்தால், டிக்கெட் எடுக்க யோசிப்போம். "ஓகே, அப்புறம்?" என்றால் பேச்சு தொடரும், "ஓகே, வச்சிடறேன்" என்றால் போன் கட்.