வின்ச் தாங்கும், வேனின் முகப்பு தாங்குமா?

கரடுமுரடான பாதைகளுக்கென்று தயார் செய்த வேனுக்கு வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுத்தெடுக்கும் மின் மோட்டார் கருவி) மாட்ட வருகிறவர்கள் முதலில் கேட்பது, “எத்தனை பவுண்டு இழுக்கிறதைப் போடலாம்?” என்றுதான். வண்டிக்கு அடியில் படுத்து முன்பக்கத்தைப் பார்க்காமல் நான் அதற்குப் பதில் சொல்வதில்லை.

ஜீப், பிக்கப் போன்ற வண்டிகளில் ஏணி போன்ற தனி சேஸிஸ் இருக்கும். பெரும்பாலான வேன்களில் அது கிடையாது. பாடியும் சேஸிஸும் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்டவை. பம்பருக்குப் பின்னால் இருக்கும் குறுக்குச் சட்டம், மோதலில் நசுங்குவதற்கென்றே செய்த இரண்டு பெட்டிகள் வழியாகத்தான் சேஸிஸ் நுனியோடு சேர்கிறது. உள்நோக்கித் தள்ளும் விசைக்காக அமைத்த இணைப்பு அது. வின்ச்சோ வெளிநோக்கி இழுக்கும். குறுக்குச் சட்டத்தில் மட்டும் தகடு வைத்து முடுக்கிய ஒரு வேன் பட்டறைக்கு வந்தது. வின்ச்சில் கீறல்கூட இல்லை. சட்டம் நடுவில் வில்லாக வளைந்திருந்தது. வட்டமாக இருந்த போல்ட் துளைகள் நீண்டுபோயிருந்தன. இன்னொரு இழுப்பு இழுத்திருந்தால் மொத்தமும் பிய்ந்து வந்திருக்கும்.

அதனால் வின்ச்சை மாட்டும் தாங்கி தகடு இரண்டு பக்கமும் சேஸிஸ் நீளச் சட்டங்களைப் பிடித்து, விசையைப் பின்னோக்கிக் கொண்டுபோக வேண்டும். உங்கள் மாடலுக்கென்றே செய்து, இழுவிசை இவ்வளவு என்று எழுத்தில் கொடுக்கும் தகட்டை வாங்குங்கள். நசுங்கும் பகுதியை இறுக்கமாக அடைத்துவிட்டால் மோதலில் ஏர்பேக் சென்சாருக்குத் தகவல் போகும் விதமே மாறலாம். இதையும் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். “சும்மா ரெண்டு வெல்டிங் வைத்துவிடலாம்” என்று யாராவது சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். முகப்பில் இருப்பது உயர்வலிமை எஃகு, சூடு பட்ட இடத்தில் வலிமை இறங்கிவிடும்.

எடையையும் யோசிக்க வேண்டும். வின்ச், கயிறு, தகடு எல்லாம் சேர்ந்தால் 60 முதல் 80 கிலோ சாதாரணமாக வரும். இது முன் அச்சுக்கும் முன்னால் தொங்குவதால், அச்சின் மேல் கூடும் சுமை அதைவிட அதிகம். டேங்க் நிரப்பி, ஆட்களை ஏற்றி, முன் அச்சை மட்டும் எடைமேடையில் நிறுத்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சரி, எத்தனை பவுண்டு? முழுச் சுமையோடு வண்டியின் எடை எவ்வளவோ அதைப்போல் ஒன்றரை மடங்கு. 3,500 கிலோ வேனுக்கு 5,250 கிலோ; 12,000 பவுண்டு வின்ச் 5,440 கிலோ இழுக்கும் என்பதால் பொருந்தும். ஆனால் அந்த எண், கயிறு சுற்றும் உருளையான டிரம்மில் முதல் அடுக்குக் கயிறு மட்டும் இருக்கும்போது கிடைப்பது. மேலே அடுக்கு ஏற ஏற இழுவிசை குறையும். நான்காவது அடுக்கில் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும். ஸ்னாட்ச் பிளாக் (கயிறு ஓடும் கப்பி) ஒன்று வைத்துக் கயிற்றை மடக்கி இழுத்தால் விசை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். பெரிய வின்ச்சுக்குச் செலவழிப்பதைவிட இது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

வேன்களில் அதிகம் சொதப்புவது மின் இணைப்பு. முழுச் சுமையில் 12 வோல்ட் வின்ச் 400 ஆம்பியருக்கு மேல்கூட எடுக்கும். பல வேன்களில் பேட்டரி சீட்டுக்கு அடியில் இருப்பதால் கேபிள் நீளமாகிறது. போக வர 6 மீட்டருக்கு 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போட்டால், 400 ஆம்பியரில் ஏறக்குறைய 1.8 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். 50 போட்டால் அதில் பாதி. வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் திணறிச் சூடாகும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஸ்விட்ச் கட்டாயம். இழுக்கும்போது இன்ஜின் ஓடட்டும். நடுநடுவே நிறுத்தி மோட்டாரை ஆறவிடுங்கள்.

கயிறு விஷயத்தில் நான் சிந்தெடிக் கட்சி. எஃகு வடத்தைவிட எடை மிகக் குறைவு, அறுந்தாலும் வீச்சு குறைவு. ஆனால் வெயில், மணல் உராய்வு, சூடு மூன்றும் அதற்கு ஆகாது. டிரம்முக்குள்ளேயே பிரேக் இருக்கும் மாடல்களில், சுமையோடு கயிற்றை இறக்கினால் டிரம் கொதித்துக் கயிறு உருகும். பழைய எஃகு வடம் ஓடிய ரோலரில் பிசிறு இருக்கும்; கயிற்றை மாற்றும்போது வழவழப்பான அலுமினிய ஃபேர்லீட்டுக்கு (கயிறு வெளியே வரும் வாய்) மாறிவிடுங்கள். எந்தக் கயிறானாலும் இழுபடும்போது யாரும் தாண்டக்கூடாது, பக்கத்தில் நிற்கவும் கூடாது. கொக்கியை டிரெய்லர் மாட்டும் உருண்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது உடைந்தால் பீரங்கிக் குண்டுதான்.

புதுக்கயிறு பெட்டியிலிருந்து வரும்போது தளர்வாகச் சுற்றியிருக்கும். அப்படியே இழுத்தால் மேல் சுற்று கீழ்ச் சுற்றுகளுக்குள் புதைந்து சிக்கிவிடும். லேசான ஏற்றத்தில், பத்து சுற்று மட்டும் டிரம்மில் விட்டு முழுவதும் வெளியே எடுத்து, வண்டியின் எடையாலேயே இறுக்கம் கொடுத்து ஒழுங்காகச் சுற்றுங்கள். அப்புறம் தாங்கி தகட்டின் போல்ட்களை, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி சரிபாருங்கள்; முதல் இழுப்புக்குப் பிறகு ஒன்றிரண்டு கொஞ்சம் தளர்ந்திருக்கும்.