மனச்சோர்வுக்கு மூலிகை மாத்திரை, ஆனா கூட போடற மருந்து எங்க போகுது?

செயின்ட் ஜான்ஸ் வோர்ட்னு ஒரு மஞ்சப் பூ செடி, மனசு டல்லா இருக்குன்னா நிறைய பேர் தானாவே வாங்கிப் போடற மூலிகை இதுதான். டுபாக்கூர்னு ஒதுக்கவும் முடியாது, 2008ல காக்ரேன்ங்கிற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட தொகுப்புல 29 சோதனைய சேர்த்துப் பாத்ததுல டம்மி மாத்திரைய விட நல்லாவே வேலை செஞ்சிருக்கு. வேலை செய்யுதுல்ல, அதான் சிக்கலே.

இதுல ஹைப்பர்ஃபோரின்னு ஒரு சரக்கு இருக்கு. அது கல்லீரல் செல்லுக்குள்ள போய் பிஎக்ஸ்ஆர்ங்கிற ரிசப்டர்ல (சிக்னல் வாங்கற புரதம்) ஒட்டிக்கும், உடனே உடம்பு ஏதோ வேண்டாத கெமிக்கல் வந்துருச்சுன்னு நெனச்சு மருந்த உடைக்கிற சிஒய்பி3ஏ4ங்கிற என்சைம கூடுதலா தயார் பண்ண ஆரம்பிச்சுடும், குடல் சுவர்லயும் இதே கதைதான், அங்க மருந்த திரும்ப வெளிய தள்ற பம்ப் வேற அதிகமாகும். வாசல்ல காவலாளிய ரெட்டிப்பாக்கின மாதிரி, திருடனும் உள்ள வர முடியாது விருந்தாளியும் வர முடியாது. அதே டோஸ்தான் முழுங்குறீங்க, ரத்தத்துல நிக்கறது கம்மி.

எவ்ளோ கம்மின்னா, 2000ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுல இண்டினவிர்ங்கிற எச்ஐவி மருந்தோட அளவு சராசரியா 57% இறங்கியிருந்துச்சு. அதே வருஷம், இதய மாற்று ஆபரேஷன் பண்ணின 2 பேருக்கு, இந்த மூலிகையால, நிராகரிப்ப தடுக்கிற சைக்ளோஸ்போரின் மருந்தோட அளவு இறங்கி, புது இதயத்த உடம்பு நிராகரிக்க ஆரம்பிச்சுது. கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாம இருக்கத் தர்ற வார்ஃபரின், இதயத்துக்குத் தர்ற டிகாக்சின் எல்லாம் இதுல மாட்டும். கொடுமை என்னன்னா வெளிய ஒண்ணும் தெரியாது, வாந்தி மயக்கம்னு எதுவும் வராது.

எஸ்எஸ்ஆர்ஐ வகை டிப்ரஷன் மாத்திரையோட சேர்ந்தா கதையே வேற. ரெண்டும் மூளையில மனநிலையோட சம்பந்தப்பட்ட செரோடோனின்ங்கிற ரசாயனத்த ஏத்தும், அளவு மீறினா நடுக்கம், வேர்வை, படபடப்பு, காய்ச்சல், குழப்பம்னு போகும், அது எமர்ஜென்சி. ட்ரமடால் வலி மாத்திரைக்கும் இதே ஆபத்து உண்டு.

சரி ஆபத்துதானே, இன்னிக்கே நிறுத்திடறேன்னு நீங்களா நிறுத்தவும் கூடாது. ஏறின என்சைம் பழைய நிலைக்கு வர ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், அது இறங்க இறங்க மத்த மருந்தோட அளவு ரத்தத்துல ஏறும். மூலிகையோட சேத்து வார்ஃபரின் டோஸ் கூட்டி வச்சிருந்தாங்கன்னா அப்பதான் ரத்தக்கசிவு பயம், அதனால நிறுத்தறத டாக்டர்கிட்ட சொல்லிட்டு ரத்தம் உறைய எவ்ளோ நேரமாகுதுன்னு பாக்கற ஐஎன்ஆர் டெஸ்ட்ட அடிக்கடி பாத்துக்கிட்டே நிறுத்தணும்.