சாம்பலை விற்கிறார்கள், வாங்காதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. ஓய்வுபெற்ற ஒருவர் காகிதக் கட்டொன்றை என் மேசையில் வைத்து, "முன்பணம் கொடுத்துவிட்டேன் சார், ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். எரிசக்தித் திட்டங்களின் கணக்கைச் சரிபார்ப்பது என் தொழில். வெள்ளம் வடிந்த பிறகுதான் பெரும்பாலானோர் அணை கட்டக் கூப்பிடுகிறார்கள்.

கட்டுக்குள் இருந்தது, தண்ணீரில் கார் ஓட்டும் கருவி. தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல். ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க, நல்ல ஆலையிலேயே 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும். திரும்ப எரித்தால் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். இதற்குமேல் விளக்கப் பொறுமை இல்லை.

என்னை எரிச்சலூட்டுவது அடுத்து வரும் வாக்கியம்: "எண்ணெய்க் கம்பெனிகள் இதை அமுக்கிவிட்டன சார்."

எண்ணெய் அரசியல் பொய் என்று நான் சொல்லவில்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் தடை விதித்தபோது, பீப்பாய் 3 டாலராக இருந்த எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. புவி சூடாகும் என்று அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸான் கம்பெனியின் சொந்த விஞ்ஞானி 1977-லேயே நிர்வாகத்திடம் எச்சரித்தார். அதே கம்பெனி பின்னர் பல ஆண்டுகள் வெளியில் சந்தேகத்தை வளர்த்தது. இந்த நிஜங்களின் முதுகில் ஏறித்தான் மோசடிக்காரர் உங்கள் வீட்டுக்கு வருகிறார்.

ஆனால் அதே எக்ஸானின் ஆய்வகத்தில்தான் 1970-களில் ஸ்டான்லி விட்டிங்காம் லித்தியம் பேட்டரிக்கு அடித்தளம் போட்டார். கம்பெனி அந்த முயற்சியைக் கைவிட்டது. ஆய்வு வெளியாகியிருந்ததால் மற்றவர்கள் அதை வளர்த்தார்கள். 2019-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. காப்புரிமை என்பதே, முழு விவரத்தையும் ஊரறிய வெளியிடுவதற்குப் பதிலாகக் கிடைக்கும் உரிமை. எண் தெரிந்தால் யாரும் படிக்கலாம். ஒளித்துவைக்கப்பட்ட காப்புரிமை என்று ஒருவர் சொன்னால், எண்ணைக் கேளுங்கள். பேச்சு அதோடு வேறு பக்கம் திரும்பும். ராணுவ ரகசியம் என்று அரசுகள் நிறுத்திவைக்கும் விண்ணப்பங்கள் உண்டுதான். அவற்றைத் துண்டறிக்கை அடித்து விற்கமாட்டார்கள்.

உண்மையில் எண்ணெய்க் கம்பெனிகளும் ஏமாறுகின்றன. 1970-களில் பிரான்சின் எல்ஃப் நிறுவனம், விமானத்தில் பறந்தபடியே பூமிக்கடியில் எண்ணெயைக் கண்டுபிடிக்கும் கருவி என்று நம்பிப் பெரும்பணத்தை இழந்தது. சுவருக்குப் பின்னால் இருப்பதைக்கூட அது காட்டுமாம். 1979-இல் ஜூல் ஹோரோவிட்ஸ் என்ற இயற்பியலாளர் ஓர் அளவுகோலை யாருக்கும் தெரியாமல் வளைத்துச் சுவருக்குப் பின்னால் வைத்தார். திரையில் நேரான அளவுகோல் தெரிந்தது! எங்கள் தொழிலில் இதைவிட அழகான சோதனையை நான் கேள்விப்பட்டதில்லை.

தண்ணீர்க் காருக்கும் சோதனை நடந்திருக்கிறது. தண்ணீரில் கார் ஓட்டுவதாகச் சொன்ன அமெரிக்கர் ஸ்டான்லி மேயரின் கருவி வெறும் மின்பகுப்புதான், அதாவது மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் பழைய முறைதான் என்று நிபுணர்கள் சொன்னார்கள். 1996-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநில நீதிமன்றம் அதை மோசடி என்று தீர்த்து, முதலீட்டாளர்களின் 25,000 டாலரைத் திருப்பித் தரச் சொன்னது. அந்தத் தீர்ப்பை யாரும் எனக்கு அனுப்புவதில்லை, மேயரின் கார் வீடியோவை மட்டும் அனுப்புகிறார்கள்.

நேர்மையான செய்தியிலும் கவனம் வேண்டும். 2022 டிசம்பரில் அமெரிக்க ஆய்வகம் ஒன்று அணுக்கரு இணைவில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி 3.15 எடுத்தது. பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் அந்த லேசரை இயக்க மின்கம்பியிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல். அளவுமானியை எந்த இடத்தில் மாட்டினார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நீங்களும் பாருங்கள்.

கருவியை விற்பவர்களின் இடத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். உங்கள் மின்மானி, உங்கள் தராசு, உங்களுக்குத் தெரிந்த பொறியாளர் என்று வையுங்கள். பெட்டியைத் திறக்க மறுத்தால் எழுந்து வாருங்கள். "இன்றே கடைசி நாள்" என்றால் இன்னும் வேகமாக எழுந்து வாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன் வாருங்கள், தயவுசெய்து. கட்டணம்கூட வேண்டாம்.

இரண்டாம் தவணைக்கு இன்னும் பத்து நாள் இருப்பதாக அந்தப் பெரியவர் சொன்னார். கொடுக்காதீர்கள் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு போனார்.