லான் பௌல்ஸ்: அழுகுணி ஆட்டம் செல்லாத இடம்

2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் மகளிர் நால்வர் பிரிவில் இந்தியா தங்கம் வென்ற பிறகுதான் லான் பௌல்ஸ் என்ற பெயரே நம்மில் பலர் காதில் விழுந்தது. புல்தரையில் ஒரு சின்னப் பந்துக்கு அருகில் போய் நிற்கும்படி பெரிய பந்துகளை உருட்டும் ஆட்டம் இது. வேலூர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் மாற்ற வேண்டியது கிரிக்கெட் பழக்கம். கத்தி அப்பீல் கேட்டால் தீர்ப்புச் சொல்ல ரிங்க் என்னும் ஆடுதடத்துக்கு ஒரு நடுவர் இங்கே நிற்பதில்லை. யாருக்கு எத்தனை ஷாட் (புள்ளி) என்பதை ஆடுகிறவர்களே பேசி முடிக்க வேண்டும்.

தகராறு பெரும்பாலும் அளக்கும்போதுதான். ஜாக் என்னும் சின்னப் பந்துக்கு அருகில் எவர் பந்து இருக்கிறது என்று இரு அணியின் மூன்றாம் ஆட்டக்காரர்களும் ஒத்துக்கொள்ளும்வரை எதையும் தொடக் கூடாது. கடைசிப் பந்து நின்ற பிறகும், ஏதாவது ஒரு பந்து சாயும்போல் இருந்தால், 30 விநாடி வரை காத்திருக்கக் கேட்கலாம். கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். அளக்கிறவர் கை பட்டு ஒரு பந்து நகர்ந்துவிட்டதா? அதைப் பழைய இடத்தில் வைப்பது எதிரணி. தெருவில் கோலி ஆடும்போது 'கை பட்டுடுச்சு' என்று சொல்லித் தப்புவதுபோல் இங்கே தப்ப முடியாது. கண்ணால் பார்த்தே எதிரணிக்குத்தான் ஷாட் என்று தெரிந்தால், டேப்பை எடுக்காமல் விட்டுக்கொடுப்பதுதான் அழகு.

ஒருவர் பந்தை உருட்டும்போது அந்த முனையில் இருக்கும் அவர் அணியின் மற்றவர்களும் எதிரணியும் அவர் நின்று உருட்டும் பாய்க்குக் குறைந்தது 1 மீட்டர் பின்னால் நிற்க வேண்டும். எதிர்முனையில் ஆட்டத்தை நடத்தாதவர்கள் ஜாக்குக்குப் பின்னால். நிழல் விழுந்தாலே பந்து விடுகிறவருக்குக் கண் சிதறும். வேலூரின் காலை வெயிலில் நிழல் நீளமாக விழும் என்பதையும் கவனியுங்கள்.

பந்தை உயரத்திலிருந்து பொத்தென்று போடுவது புல்தரையைக் குழியாக்கும். முழங்காலை மடக்கி, தரையை ஒட்டி விடுங்கள். காலணி தட்டை அடியுள்ளதாக இருக்கட்டும்.

குருட்டு அதிர்ஷ்டத்தில் பந்து வேறொன்றில் பட்டு ஜாக்கருகே போய் நின்றால் ஒரு கையசைப்பு போதும், குதிக்க வேண்டாம். எதிராளியின் நல்ல பந்துக்கு 'சூப்பர்' என்று சொல்லிவிடுங்கள்.

மே மாதத்தில் எத்தனை எண்டுக்கு (சுற்றுக்கு) ஒருமுறை தண்ணீர் குடிப்பது என்று ஆட்டத்துக்கு முன்பே பேசி வையுங்கள். தோற்றுக்கொண்டிருக்கும்போது கேட்டால், உண்மையான தாகம்கூடச் சாக்காகத்தான் படும்.